கோழி ஏலம் கேட்ட மகளுக்கு

மக்களே அபிஷா,

இதைப் படிக்கும்போது நீ வளர்ந்த பெண்ணாக இருப்பாய். எழுதும்போது உனக்கு ஆறு வயது, எனக்கு முப்பத்தொன்று. இப்படிப்பட்ட கடிதங்களைத் தலை நரைத்த தகப்பன்மார்தான் எழுதுவார்கள். அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. வயதான பிறகு எழுதினால் நடந்ததெல்லாம் இனிப்பாகிவிடும். பட்ட பாட்டைப் பெருமையாகச் சொல்லுவேன், செய்த மடத்தனத்தை விட்டுவிடுவேன். இப்போது எழுதினால் இரண்டும் சூடாக இருக்கும். நாளை திங்கட்கிழமை. காலையில் உன்னை மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். பெரிய டீச்சர் உன்னிடம் கேள்வி கேட்பார். நீ பதில் சொன்னால் ஒன்றாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு உட்காருவாய். சொல்லாவிட்டால் வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளோடு உன் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். வாரத்தில் ஒருநாள் யாராவது வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். சட்டம் உன் பக்கம் என்று எனக்குத் தெரியும். சட்டத்தைக் காட்டி இடம் வாங்கிவிடலாம். ஆனால், இந்தப் பிள்ளைக்குப் பேச வராது என்று நினைக்கிற டீச்சரின் வகுப்பில் அப்படி இடம் வாங்கினால், மூலையில் வைத்த பை மாதிரி நீ இருப்பாய். அது எனக்கு வேண்டாம். நாளை என்ன நடந்தது என்று இதைப் படிக்கும் உனக்குத் தெரியும், எழுதும் எனக்குத் தெரியாது. ஆனாலும் எனக்குப் பயமில்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவும்.

வெளியே மழை. கடல் பெருகிக் கிடக்கிறது. நீ கட்டிலில் உறங்குகிறாய். உன் சக்கர நாற்காலிக்கு அடியில் ஒரு தவிட்டு நிறக் கோழி உட்கார்ந்துகொண்டு என்னை முறைக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நம்முடைய நிலைமை. நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் வள்ளங்களின் எஞ்சின் பழுது பார்க்கிறேன். வள்ளம் இறங்காவிட்டால் எஞ்சின் கெடாது, எஞ்சின் கெடாவிட்டால் நம் வீட்டில் அடுப்புக்கு வேலை இல்லை. உன் அம்மா லிஜி முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டியாபீசில் வேலை பார்த்தவள். நீ வந்த பிறகு உன்னைத் தூக்கவும் இறக்கவும் ஆள் வேண்டுமென்று நின்றுவிட்டாள். விரல் நுனிகளில் அந்த முந்திரிப் பாலின் கறுப்பு இன்னும் போகவில்லை. அறை என்று ஒற்றை முறிதான், வாடகை வீடு, மேலே சிமெண்ட் ஷீட். வறுமை மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. என்னை அது பக்குவப்படுத்தவில்லை, பரபரப்பாக்கியது. வறுமை முதலில் தின்பது சோற்றை என்று நினைப்பார்கள். அது முதலில் தின்பது நேரத்தை. ஆஸ்பத்திரியில் உனக்கு அரைமணி நேரப் பயிற்சி. அதற்காக விடியற்காலையில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பஸ், இறங்கி இன்னொரு பஸ், வரிசை, சீட்டு, மறுபடி வரிசை. திரும்பி வரும்போது பகல் முடிந்திருக்கும், அன்றைய கூலியும் போயிருக்கும். காரில் வந்தவன் உன்னைவிடப் பெரிய பழுதுள்ள பிள்ளையைக் காட்டிவிட்டு காலைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவான். காசில்லாதவனுக்குக் காத்திருப்பதுதான் உலகத்திலேயே விலை கூடிய காரியம். உனக்கோ பிறந்த நாள் முதல் தேவைப்பட்டது அதுதான், பக்கத்தில் ஒருவன் காத்திருப்பது. நம் வீட்டுச் சண்டைகளெல்லாம் இங்கேதான் தொடங்கின.

நீ ஏழாம் மாதத்திலேயே பிறந்தாய். அவசரம். அந்த ஒரு விஷயத்தில் நீ என்னைக் கொண்டு பிறந்தவள். ஒரு வயதாகியும் உட்காரவில்லை என்று காட்டியபோது, மூளையில் கையையும் காலையும் நாக்கையும் இயக்குகிற இடத்தில் பழுது என்று டாக்டர் சொன்னார். அறிவுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் விளங்கும், உடம்பு மட்டும் சொன்னபடி கேட்காது என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "இத எப்ப சரியாக்கலாம் டாக்டர்?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ மெக்கானிக்கா தம்பி? இது சரியாக்குத காரியம் இல்ல. பழக்குத காரியம்." எனக்குக் கோபம் வந்தது. வேலை தெரியாதவன்தான் இப்படிப் பேசுவான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. அடுத்த வளவு மாமி ஒருத்தி உன் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எந்தப் பாவத்துக்குக் கர்த்தர் இப்பிடிச் சோதிக்காரோ" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா சொன்னாள், "பாவமும் இல்ல, சோதனையும் இல்ல மாமி, பிரசவம் முந்திப் போச்சு. சாயா குடிக்கியளா, இல்ல கெளம்புகியளா?" மாமி சாயா குடித்துவிட்டுத்தான் போனாள். இன்றும் வருகிறாள். இப்போது உன்னிடம் வந்து கோழிக்கு நுணுக்கரிசி போட்டாயா என்று கேட்கிறாள். ஆட்களைத் துரத்தாமலே வாயடைக்கிற அந்த வித்தை உன் அம்மாவுக்கு உண்டு, எனக்கு இல்லை. அவளிடம் கற்றுக்கொள்.

சரியாக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. உனக்கு மூன்று வயதில் காலுக்கு ஒரு ஸ்பிளின்ட் தந்தார்கள், பாதம் கீழே இழுத்துக்கொள்ளாமல் நேராக நிறுத்தி வைக்கிற உறை. நீ வளர்ந்தாய், அது வளரவில்லை. அடுத்ததற்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். நான் காத்திருக்கவில்லை. துறைமுகத்தில் வள்ளத்தின் ஓட்டை அடைக்க ஃபைபர் துணியும் ரெசினும் எப்போதும் கிடக்கும். உன் காலை பிளாஸ்டரில் அச்செடுத்து, மேலே ஃபைபர் துணி பரத்தி, ரெசின் அடித்து, உறைந்ததும் தேய்த்து மினுக்கி நானே செய்தேன். பார்க்க ஒன்றாம் நம்பர். வள்ளக்காரர்களெல்லாம் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். போட்ட ஒரு வாரத்தில் உன் குதிகால் புண்ணாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பயிற்சி தரும் அக்கா அதைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். வள்ளத்தைத் தட்டுவது மாதிரியே சத்தம் வந்தது. "இதப் போட்டா பிள்ள நடக்குமா, மிதக்குமா?" என்று கேட்டார். பிறகு உன் காலை என் கையில் தந்தார். "வேகமா மடக்கிப் பாருங்க." மடக்கினேன். கம்பி மாதிரி விறைத்தது. "இப்ப பைய. பிடிச்சுட்டு சும்மா இருங்க. இழுக்காண்டாம்." பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எனக்கு அது ஒரு யுகம். பிறகு உள்ளே ஏதோ முடிச்சு அவிழ்ந்தது மாதிரி, கால் தானாக என் உள்ளங்கைக்கு வந்தது. "வேகத்துக்கு வெறைக்கும், பொறுமைக்கு எளகும். அவ்வளவுதான் உங்க பிள்ளைக்க உடம்பு" என்றார். பாலிடெக்னிக்கில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகப் பாடம் எடுத்ததில்லை. அன்றிலிருந்து காலையும் மாலையும் உன் காலை நான் பிடிக்கிறேன். அந்த நேரத்தில் போன் வந்தால் எடுப்பதில்லை. கல்ஃப் நாட்டில் வேலை தயாராக இருக்கிறது என்று கூட்டுக்காரன் ஒருவன் அழைத்தபோதும், இந்தக் காலை அங்கிருந்து எப்படிப் பிடிப்பேன் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதில் தியாகமெல்லாம் இல்லை. கணக்குப் போட்டேன், ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன். நீ அதற்காக எனக்குக் கடமைப்பட்டவள் அல்ல.

சக்கர நாற்காலி கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சங்கத்துக்காரர்கள் இலவசமாகத் தந்தார்கள். மேடையில் வைத்து, மாலை போட்டு, போட்டோ எடுத்து. அது முழு ஆள் உட்காருகிற நாற்காலி. உன்னை அதில் இருத்தினால் கிணற்றில் விழுந்த வாளி மாதிரி உள்ளே போய்விட்டாய், போட்டோவில் உன் நெற்றி மட்டும்தான் விழுந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே நான் அதை அறுத்தேன். குழாய்களைக் குறைத்து, இருக்கையை ஒடுக்கி, முதுகுக்குச் சாய்வு மாற்றி வெல்டிங் வைத்தேன். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. "தர்மமா வந்த சாமானத்த வெட்டுகியேடே, பாவி!" என்றார்கள். இந்தமுறை என் வேலை சரியாக இருந்தது. நீ உட்கார்ந்ததும் முதல்முறையாக உன் தலை நேராக நின்றது. நாங்கள் எதிரில் உட்கார்ந்தால் உன் இரண்டு கண்ணும் எங்கள் கண்ணுக்கு நேராக வந்தன. உனக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடிய புத்திமதி இது. இலவசமாக வந்தது என்பதற்காக அளவு சேராத எதிலும் உட்கார்ந்துகொண்டிருக்காதே. தந்தவர்களுக்கு நன்றி சொல், பிறகு வெட்டு. நாற்காலி மட்டும் இல்லை. வேலை, கல்யாணம், ஆட்கள் உன்னைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயம், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இனி நாக்கு. இங்கேதான் நான் தோற்றேன்.

நீ பேசுவாய். ஆனால் பேச்சு வெளியே வர நேரமாகும். முதலில் கழுத்து ஒருபக்கம் திரும்பும், வலதுகை தானாக மேலே போகும், உதடு குவியும், பிறகு எழுத்து எழுத்தாக வரும். கேட்பவர்களுக்கு உன் முகத்தைப் பார்த்தாலே என்ன சொல்ல வருகிறாய் என்று பாதி விளங்கிவிடும். எனக்கு முழுவதும் விளங்கும். சத்தத்தைக் கேட்டே எஞ்சினில் எந்தப் பாகம் போயிற்று என்று சொல்கிறவன் நான். நீ 'த' என்று தொடங்கினால் தண்ணீர் வந்துவிடும். 'வெ' என்றால் உன்னை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போவேன். அதுதான் பாசம், அதுதான் வேகமான சேவை என்று நினைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக நீ என்னிடம் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டாய். பிறகு அதையும் நிறுத்தினாய், வெறுமனே பார்ப்பாய். அம்மாவிடம் மட்டும் குசுகுசுவென்று என்னவோ பேசிக்கொண்டிருப்பாய். பெண்பிள்ளை அம்மாவோடு ஒட்டுவது இயல்புதானே என்று விட்டுவிட்டேன்.

பள்ளி திறந்ததும் உன்னை எண்ணெய் வைத்துச் சீவி, நாற்காலியைத் துடைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். பெரிய டீச்சர் நம் சபையைச் சேர்ந்தவர்தான். கெட்டவர் இல்லை. உன் எதிரில் குனிந்து, "மக்களுக்க பேரென்ன?" என்று கேட்டார். உன் கழுத்து திரும்பியது, கை மேலே போனது. நான் சொன்னேன், "அபிஷா." "எத்தன வயசு?" "ஆறு." "வீட்டுல யாரெல்லாம் உண்டு?" நான் சொன்னேன். "எந்த நிறம் பிடிக்கும்?" அதையும் நானே சொன்னேன், பச்சை என்றேன். டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பிள்ளைக்கு ஒண்ணும் பேச வராதோ?" "வரும் டீச்சர். கொஞ்சம் டைம் எடுக்கும்." "நான் ரெண்டு வகுப்ப ஒரே முறியில வச்சுட்டு இருக்கேன் தம்பி. பதில் சொல்லாத பிள்ளைய மூலையில இருத்தி வைக்கதுக்கு எனக்கு மனசு வரல்ல. வீட்டுல வச்சே படிப்பிக்கதுக்கு வழி இருக்கு, அதுக்கு எழுதித் தாறேன்." நான் சட்டம் பேசினேன், சத்தமும் போட்டேன். டீச்சர் கைகட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார். நீ உன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

திரும்பும் வழியில் உன் அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள், "நம்ம யாருக்கு இடம் கேட்டுப் போனோம்?"

"இதென்ன கேள்வி? பிள்ளைக்கு."

"எனக்கு என்னமோ நீங்கதான் ஒண்ணாங்கிளாசில சேரப் போனது மாதிரி இருந்து. எல்லாத்துக்கும் பட்பட்டுனு பதில் சொன்னிய. நாளைக்கு டவுசர் தச்சுத் தாறேன், போயி இருங்க."

"அவ சொல்லதுக்கு நேரமாகும்லா லிஜி."

"ஆகட்டும். உங்க முதுகுலயா ஏறி இருக்கா? பிறகு, அவளுக்குப் பிடிச்ச நிறம் பச்சை இல்ல. மஞ்ச."

நான் பதிலுக்கு வாயெடுத்தபோது போன் அடித்தது. தேங்காய்ப்பட்டணத்து காதர் காக்கா. காற்று வருவதற்குள் வள்ளத்தை இறக்க, கயிறு இழுத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் பார்த்துக்கொண்டிருந்தார். "மெக்கானிக்கே, கயித்த இழுத்து இழுத்து தோளு கழண்டாச்சு. சனியன் பிடிக்க மாட்டங்கு!" என்று அலறினார். நானும் அலறினேன். "இழுக்காதீரும் காக்கா! இழுக்க இழுக்க பெட்ரோலு நிறைஞ்சு பிளக்கு நனைஞ்சு போவும். கைய எடும். பிளக்கக் கழத்தித் தொடச்சு வச்சுட்டு ஒரு பீடி வலியும். சும்மா இரியும். அது தானே பிடிக்கும்!" போனை வைத்தேன். உன் அம்மா நாற்காலியைத் தள்ளுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காக்காக்க எஞ்சினுக்கு ஒரு நியாயம், நம்ம பிள்ளைக்கு ஒரு நியாயமா?" என்றாள்.

எஞ்சின் விஷயத்தில் எனக்கு அது தெரியும். உன் கால் விஷயத்தில் தெரியும். நாக்கும் ஒரு தசைதான் என்பது மட்டும் டிப்ளமோக்காரனுக்குத் தெரியாமல் போயிற்று. நீ ஒவ்வொருமுறை தொடங்கும்போதும் நான் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அன்றே உன் அம்மா ஒரு ஏற்பாடு செய்தாள். நீ பேசத் தொடங்கினால் நான் வாய் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும், நீ முடித்த பிறகுதான் விழுங்கலாம். சிரிக்காதே, வேறு எந்த வழியும் எனக்குப் பலிக்காது. முதல்நாள் இரண்டுமுறை புரையேறி, குடித்த தண்ணீரெல்லாம் மூக்குவழியாக வந்தது. நீ கிடந்து சிரித்தாய். சிரித்துவிட்டு, கழுத்தைத் திருப்பி, கையைத் தூக்கி, நான் வாயை அடைத்துக்கொண்டு நிற்க, நிற்க, முழுசாக ஒன்று சொன்னாய். "அப்பா… கத்தாண்டாம்." உன் வாயிலிருந்து நான் கடைசிவரை கேட்ட முதல் வாக்கியம் அது. நன்றாக இருந்தது. நியாயமாகவும் இருந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான், அதாவது நேற்று, நம் சபையில் அறுப்பின் பண்டிகை. உனக்குத் தெரியும், ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த ஏத்தன் வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சேனை, முட்டை, கோழி எல்லாவற்றையும் முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் வைத்து ஏலம் விடுவார்கள். கூப்பிடுகிறவர் வாழைக்குலை வியாபாரி ஞானதாஸ் மாமா. அந்த மனிதரின் நாக்குக்கு ஓய்வே கிடையாது. அவர் மூச்சு விடுவதை நான் பார்த்ததில்லை. கூட்டத்தின் ஓரத்தில் உன்னை வைத்துக்கொண்டு நின்றோம். வேடிக்கை பார்க்கத்தான். வேறு எதற்கும் பையில் வகையில்லை, சிலிண்டருக்கு என்று எடுத்து வைத்தது மட்டும் சட்டைப்பையில் இருந்தது.

தவிட்டு நிறக் கோழி ஒன்று வந்தது. "பாருங்க பாருங்க, பேச்சிப்பாறை அணை மாதிரி நிறைஞ்ச கோழி! இன்னைக்கு வாங்கினா நாளைக்கு முட்ட, மறுநாளு குஞ்சு, அதுக்கு மறுநாளு நீங்க பண்ணையாரு! கேளுங்க!" முந்நூறு என்றார் ஒருவர். முந்நூற்றைம்பது. நானூறு. "நானூறு ஒருதரம்!" என்று மாமா முழங்கியபோது உன் கை மேலே போனது.

"அந்தா ஒரு கை! எவ்வளவு மக்களே?"

கூட்டம் முழுவதும் திரும்பியது. உன் கழுத்து ஒருபக்கம் சாய்ந்தது, உதடு குவிந்தது. என் தொண்டைக்குள் ஒரு வாக்கியம் தயாராக நின்றது. 'இல்ல மாமா, ஏலத்துக்கு இல்ல, அவ கை சும்மா அப்பிடித் தூக்கும்.' சொல்லியிருந்தால் எல்லாரும் ஐயோ பாவம் என்று திரும்பியிருப்பார்கள், அடுத்த சாமானம் வந்திருக்கும். தண்ணீர் கையில் இல்லை. உன் அம்மா தின்றுகொண்டிருந்த அவித்த மரச்சீனித் துண்டை அப்படியே என் வாய்க்குள் திணித்தாள். மேலே தார்ப்பாயில் மழை விழுகிற சத்தம் மட்டும். பின்னாலிருந்து யாரோ, "பிள்ளைக்கு வரல்ல ஞானதாசண்ணே. விடும், அடுத்ததக் கூப்பிடும்" என்றார். ஓயாத அந்த நாக்கு அன்று ஓய்ந்து நின்றது. மாமா கோழியை இறக்கவில்லை. "சும்மா கெடவே. கை தூக்கின ஆளு விலை சொல்லாம நான் எப்பிடி அடுத்ததுக்குப் போவேன்? நீ சொல்லு மக்களே, எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

"ஐந்…நூறு" என்றாய்.

எனக்கு மரச்சீனி தொண்டையில் நின்றது. நானூறுக்குமேல் ஐந்நூறு என்று உனக்கு எண்ணத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. எண்ணி முடிக்கிற அளவுக்கு நான் உன்னைப் பேசவிட்டதில்லை. கூட்டம் கைதட்டத் தொடங்கியது. "ஐந்நூறு ஒருதரம், ஐந்நூறு ரெண்டுதரம்…" அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஐந்நூத்தம்பது." பெரிய டீச்சர்.

எல்லாரும் அவர்மேல் பாய்ந்தார்கள். "என்ன டீச்சர், சின்னப்பிள்ளைக்கு விட்டுக் குடுக்கப்பிடாதா?" "எதுக்கு விட்டுக் குடுக்கணும்?" என்றார் டீச்சர். "எனக்கும் கோழி வேணும். அவளுக்கு வேணும்னா மேல கேக்கட்டு." உன் முகம் சிவந்தது. அந்தக் கோபத்தை நான் அறிவேன், அது என்னுடையது. கோபத்தில் உன் உடம்பு இன்னும் விறைத்தது, வார்த்தை இன்னும் பிந்தியது. டீச்சர் குடையைக் கையில் ஊன்றிக்கொண்டு, உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா நின்றார். கோழி நின்றது. பண்டிகைக்கு வந்த அத்தனை ஆட்களும் மழையில் உனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு பேருடைய நேரத்தை நீ எடுத்துக்கொண்டாய். யாருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

"அறு…நூ…று."

டீச்சர் தலையாட்டினார். "அதுக்கு மேல எனக்கு வகையில்ல, மாமா. பிள்ளைக்கே குடுங்க." மூன்றுதரம் சொல்லி, கோழியை உன் மடியில் வைத்தார்கள். நான் சிலிண்டர் காசை எடுத்துக் கொடுத்தேன். இந்த வாரம் நமக்கு விறகுதான். போகும்போது டீச்சர் நம் பக்கத்தில் நின்றார். "திங்கக்கிழம கூட்டிட்டு வாங்க. அன்னைக்குக் கேட்ட கேள்விய மறுபடி கேக்கேன்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க கேட்டுக்கு வெளிய நின்னாப் போதும், கேட்டியளா?" என்றார்.

இதுதான் நடந்தது. இனி நான் சொல்லப்போவதை, படிக்கும் வயதில் நீ எங்கே இருந்தாலும் சரி, நடந்தாலும் உருண்டாலும் சரி, கேட்டுக்கொள். உன் வாக்கியத்தை முடித்துத் தர ஆட்கள் வருவார்கள். டாக்டர் வருவார், ஆபீசில் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவன் வருவான், உன்மேல் ஆசை வைத்த ஒருவனும் வருவான். அவர்கள் எல்லாரும் நல்லவர்களாகவே இருப்பார்கள், நானும் நல்லவன்தான். அவர்களை நிறுத்து. கையைத் தூக்கு, அது எப்படியும் தானாகத் தூக்கும். விட்டுக்கொடுக்கிறவர்கள் ஊரில் ஏராளம் உண்டு, அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துபோ. உனக்கு எதிராக ஐந்நூற்றைம்பது கேட்கிறவரைப் பார்த்தால் அவர் பக்கத்தில் போய் இரு. அவர்தான் உன்னை ஆளாக மதித்தவர். நம்மிடம் இல்லாததை எண்ணிக் கூச்சப்படாதே. கோழியை ஆசைப்பட்டால் ஏலம் கேள், விறகில் சமைத்துக்கொள்ளலாம். நான் இன்னும் பொறுமைசாலி ஆகவில்லை, ஆவேன் என்று வாக்கும் தரமாட்டேன். நாளைக்கு உன் அம்மா ஒரு தண்ணீர்ப் பாட்டிலை எனக்கென்று எடுத்துவைத்திருக்கிறாள். கேட்டுக்கு வெளியே வாய் நிறையத் தண்ணீரோடு நிற்பேன். டீச்சர் உனக்குப் பிடித்த நிறம் கேட்பார். மஞ்சளோ வேறெதுவோ, நீ சொல்.

இந்தக் கடிதத்துக்கு எனக்கு ஒரு பதில் வேண்டும். நான் எழுதியதில் தப்பு இருந்தால் திருத்து, என்மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது. உனக்கு எப்போது வருகிறதோ அப்போது எழுது. அவசரமில்லை.

அப்பா